கூச்சப்படும் ஆரல் மீன்: தீனியும் பராமரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகில் சின்னச் சின்ன முட்கள் வரிசையாக உள்ள நன்னீர் ஈல்களைத்தான் இங்கே ஆரல் என்கிறோம். மீன் கடைகளில் பீகாக் ஈல், ஃபயர் ஈல், டயர் ட்ராக் ஈல் என்ற பெயர்களில் கிடைப்பவை இவை. கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி தீனியைப் பற்றியே இருக்கும். தினமும் தீனி விழும் தொட்டியிலேயே ஆரல் பட்டினி கிடந்து சாவது அவ்வளவு சாதாரணமாக நடக்கிறது. கொஞ்சம் கவனம் இருந்தால் அதை முழுக்கத் தவிர்த்துவிடலாம்.

ஆரலும் விலாங்கும் ஒன்றா?

இல்லை. நீண்ட உடல்வாகு மட்டும்தான் பொது. விலாங்குகள் ஆங்குவில்லிஃபார்மீஸ் வரிசையைச் சேர்ந்தவை. ஆரல்கள் சின்பிராங்கிஃபார்மீஸ் வரிசையில் மாஸ்டசெம்பெலிடே என்ற குடும்பம். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள ஆறு, ஏரி, சேற்று நிலங்கள்தான் இவற்றின் இடம். வளர்ப்பவர் இதில் நினைவில் வைக்க வேண்டியது, மோரே போன்ற கடல் ஈல்களுக்குச் சொல்லப்படும் உப்புநீர்க் குறிப்புகள் ஆரலுக்குப் பொருந்தாது என்பதைத்தான்.

வாங்கிவந்து ஒரு வாரம் ஆகிறது, கண்ணிலேயே படவில்லை. உயிரோடு இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்கும். புது இடத்துக்கு வந்த ஆரல் முதலில் செய்வது மணலுக்குள் போவதுதான். மூக்கு நுனியும் இரண்டு கண்ணும் மட்டும் வெளியே தெரிய, மற்ற உடல் முழுக்கப் புதைந்திருக்கும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாதவர் கண்ணுக்கு அது ஒரு குச்சி நுனி மாதிரிதான் படும்.

தேடுகிறேன் என்று மணலைக் கிளறாதீர்கள், கல்லைத் தூக்காதீர்கள். ஒருமுறை கிளறினால் அது நம்பி வெளியே வர இன்னும் பல நாள் ஆகும். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடி ஓரமாக மெல்ல ஊர்ந்து வருவதைப் பார்க்க முடியும். தொட்டிக்கு வெளியே, தரையிலும் அலமாரிக்குப் பின்னாலும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஏன் என்பது மூடி பற்றிய பதிலில் இருக்கிறது.

எதைப் போட்டாலும் சாப்பிடுவதில்லை. என்ன செய்வது?

முதலில் நேரத்தைப் பாருங்கள். ஆரல் இருட்டில் இரை தேடும் மீன். விளக்கு எரியும்போது மேலே தூவும் தீனி அதற்காகப் போட்ட தீனியே அல்ல. அது வெளியே வருவதற்குள் மற்ற மீன்கள் தின்று முடித்திருக்கும், அல்லது தீனி கரைந்து தண்ணீரைக் கெடுத்திருக்கும். தொட்டி விளக்கை அணைத்து, அறை வெளிச்சத்தையும் குறைத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தீனி கொடுங்கள்.

அடுத்தது இடம். ஆரல் கண்ணை நம்பி இரை தேடுவதில்லை, மோப்பத்தை நம்பித்தான். அதன் மூக்கு நுனியில் தசையாலான சின்ன நீட்சி ஒன்று உண்டு. அதன் இரு பக்கமும் குழாய் போன்ற நாசித் துளைகள். அதனால் தீனி அது ஒளிந்திருக்கும் இடத்துக்கு அருகே, தரைமட்டத்தில் போய்ச் சேர வேண்டும். நீண்ட இடுக்கியோ, ஒரு பிளாஸ்டிக் குழாயோ போதும். குழாயின் ஒரு முனையை மணலுக்கு அருகில் வைத்து, மேல்முனையில் புழுவைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் நேராக வாசலில் போய் விழும். அந்த நேரம் ஃபில்டரைச் சிறிது நிறுத்திவைத்தால் தீனி அடித்துக்கொண்டு போகாது. நிறுத்தியதைத் திரும்பப் போட மறக்கக் கூடாது.

மூன்றாவது, எதைக் கொடுக்கிறீர்கள் என்பது. புதிதாக வந்த ஆரலுக்கு உருண்டைத் தீனியும் (பெல்லட்) தட்டைத் தீனியும் உணவாகவே தெரியாது. நெளிகிற மண்புழுவுக்கு மயங்காத ஆரல் மிகக் குறைவு. மண்புழு அருகில் விழுந்ததும் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். முதலில் மூக்கு நுனி இடமும் வலமும் துழாவும். உடனே பாயாது. புழுவைத் தொட்டதும் சற்றுப் பின்வாங்கும், மறுபடி வரும். பிறகு ஒரே உறிஞ்சலில் பாதிப் புழு உள்ளே போயிருக்கும். மீதியை வாயில் கவ்வியபடியே வால்பக்கமாக மணலுக்குள் இறங்கிவிடும். இந்தத் துழாவலைப் பார்த்துவிட்டால் கவலையை விடலாம். பசி இருக்கிறது, பயம்தான் இன்னும் போகவில்லை.

புது ஆரல் ஒன்றிரண்டு வாரம் சாப்பிடாமல் இருப்பது உண்டு. உடல் ஒட்டாமல் இருக்கும்வரை பொறுமையாக இருங்கள். ஆனால் தினமும் இரவில் கொடுத்துப் பார்ப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். தின்னாததை அடுத்த நாள் காலையில் எடுத்துவிடுங்கள்.

என்னென்ன தீனி கொடுக்கலாம்?

மண்புழுதான் முதலிடம். சிறிய ஆரலுக்கு நறுக்கிக் கொடுக்க வேண்டும். உரமோ பூச்சிமருந்தோ படாத மண்ணிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் ஒரு நாள் ஈரத்துணியில் வைத்திருந்தால் வயிற்று மண் வெளியேறிவிடும். உறைந்த பிளட்வார்ம் (சிவப்பு நிறச் சிறு பூச்சிப் புழு), இறால் போன்ற சிற்றுயிர்களான மைசிஸ், ஆர்ட்டீமியா எல்லாம் சிறிய ஆரலுக்கு நல்லவை. வளர்ந்ததும் ஓடு உரித்த இறால் துண்டு, வெள்ளைச் சதையுள்ள மீன் துண்டு ஆகியவற்றைச் சேர்க்கலாம். எதுவானாலும் உப்போ மசாலாவோ எண்ணெயோ படாத பச்சைத் தீனி மட்டுமே. ஆடு, மாடு, கோழி இறைச்சி வேண்டாம். அந்தக் கொழுப்பை மீனால் சரியாகச் செரிக்க முடியாது.

உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. அழுக்கு நீரில் வளர்வது, நோய்க்கிருமிகளையும் கொண்டுவரும். நம்பகமான இடத்திலிருந்து வந்திருந்தால் ஒழிய, உறைந்த பிளட்வார்மே பாதுகாப்பானது.

ஒரே தீனியை மாதக்கணக்கில் கொடுக்காதீர்கள். இறாலிலும் சில மீன்களின் சதையிலும் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும். எப்போதாவது கொடுத்தால் பாதகமில்லை, அதையே முழுநேர உணவாக்கினால்தான் குறைபாடு வரும்.

உறைந்த தீனிக்கும் பெல்லட்டுக்கும் பழக்க முடியுமா?

உறைந்த தீனிக்கு அநேகமாக எல்லா ஆரலும் பழகிவிடும். உயிர்ப்புழு போடும் அதே இடத்தில், அதே நேரத்தில், நறுக்கிய புழுவோடு கொஞ்சம் பிளட்வார்மைக் கலந்து வையுங்கள். நாளாக ஆகப் புழுவைக் குறைத்து மற்றதைக் கூட்டுங்கள். உறைந்த கட்டியை அப்படியே போடாமல், தொட்டித் தண்ணீரில் கரைத்து, வடிகட்டிப் போட வேண்டும்.

மூழ்கும் பெல்லட்டைத் தின்னப் பழகிய ஆரல்களும் உண்டு, கடைசிவரை திரும்பியே பார்க்காதவையும் உண்டு. பசியில் போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்ற யோசனை வேறு பெரிய மீன்களிடம் வேண்டுமானால் பலிக்கலாம், ஆரலிடம் கூடாது. அது விட்டுக்கொடுப்பதற்குள் இளைத்துப் போய்விடும்.

எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

ஒரு விரல் நீளமுள்ள குட்டிக்குத் தினமும் கொஞ்சம். வளர்ந்த ஆரலுக்கு வாரத்தில் மூன்று இரவு போதும். கண்ணால் அளப்பதே சரியான அளவு: தின்ற பிறகு வயிற்றுப் பக்கம் லேசாகத் திரண்டிருக்க வேண்டும், பலூன் போல உப்பக் கூடாது. தலைக்குப் பின்னால் கழுத்துப் பகுதி ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தால் தீனி போதவில்லை. வாரம் ஒருமுறை ஒரே பக்கத்திலிருந்து படம் எடுத்து வைத்தால், தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத இளைப்பு படத்தில் தெரிந்துவிடும்.

மற்ற மீன்கள் எல்லாவற்றையும் தின்றுவிடுகின்றனவே?

முதலில் அவற்றுக்கு விளக்கு எரியும்போதே, தொட்டியின் இன்னொரு மூலையில் வயிறாரக் கொடுத்துவிடுங்கள். பிறகு விளக்கை அணைத்து ஆரலுக்குக் கொடுங்கள். பகலில் மேயும் மீன்கள் இருட்டில் அடங்கிவிடும். சிக்கல் கெளுத்தி வகைகளிடம்தான். அவையும் இரவில் மேய்பவை, வேகமானவை. கட்டைவிரல் அளவு வாயுள்ள ஒரு மூடிய குழாய்க்குள், ஆரல் ஒளியும் குழாய்க்குள்ளேயே, தீனியை வைத்துப் பார்க்கலாம். அதற்கும் அசராத கெளுத்தியாக இருந்தால், இரண்டையும் பிரிப்பதே நியாயம். ஒரு மீன் கொழுக்க இன்னொன்று பட்டினி கிடக்கும் தொட்டியைச் சமாதானம் சொல்லி நடத்தக் கூடாது.

சின்ன மீன்களை உயிரோடு இரையாகப் போடலாமா?

வேண்டாம். இரைக்கென்று நெருக்கியடித்து வளர்க்கும் மீன்கள் ஒட்டுண்ணியையும் நோயையும் சேர்த்தே கொண்டுவரும். தங்கமீன் போன்றவற்றில் மேலே சொன்ன தயமினேஸும் அதிகம். ஆரலின் வாய் சிறியது, இயற்கையிலும் அதன் முக்கிய உணவு புழுவும் பூச்சிப் புழுக்களும் இறால் வகைகளும்தான்.

மணல் கட்டாயமா? கூழாங்கல் போட்டிருக்கிறேனே.

கட்டாயம். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கூழாங்கல்லிலும் ஆரல் புதையத்தான் பார்க்கும், உள்ளுணர்வு அப்படி. அதன் செதில்கள் மிகமிகச் சிறியவை. கூரான கல்லில் உரசி உரசித் தோல் சிராய்க்கும். சிராய்ப்பில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறும். வளர்ப்பவர் அதை ஏதோ நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார், காரணமோ தரையில் கிடக்கும்.

விரலிடுக்கில் வழுக்கி ஓடும் நைசான, முனை மழுங்கிய மணலை நன்றாகக் கழுவி, குறைந்தது 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். பெரிய ஆரலுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். கனமான கற்களை மணலின் மேல் வைக்காமல், முதலில் தொட்டியின் அடியில் நிறுத்திவிட்டுப் பிறகு மணலைக் கொட்டுங்கள். மேலே வைத்த கல்லுக்கு அடியில் ஆரல் தோண்டினால் கல் சரிந்து அதன் மேலேயே விழும். மணலுக்குள் காற்றில்லாத பகுதிகள் உருவாகாமல் இருக்க, ஆரல் இல்லாத பக்கத்தை அவ்வப்போது மெல்லக் கிளறிவிடலாம்.

வேர் பிடிக்கும் செடிகளை இது பிடுங்கிக்கொண்டே இருக்கும். கட்டையில் கட்டிவைத்த ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் நிற்கும். மேலே மிதக்கும் செடிகள் வெளிச்சத்தைக் குறைத்து ஆரலின் பயத்தையும் குறைக்கும்.

தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும்?

எந்த ஆரல் என்பதைப் பொறுத்தது. முதுகுத் துடுப்பின் அடியில் கண் போன்ற புள்ளிகள் உள்ள பீகாக் ஈல் 30 செ.மீ. வரை வளரும். 90 செ.மீ. நீளத் தொட்டி அதற்குக் குறைந்தபட்சம், 120 செ.மீ. இருந்தால் நிம்மதி. கறுத்த உடலில் சிவப்புக் கோடுகள் ஓடும் ஃபயர் ஈல் கடையில் பென்சில் அளவு இருக்கும். வளர்ந்தால் 1 மீட்டரை எட்டக்கூடிய இனம். டயர் ட்ராக் ஈலும் பெரிய சாதிதான். 180 செ.மீ. நீளமும் அதற்கேற்ற அகலமும் உள்ள தொட்டி வைக்க முடியாதவர்கள் இந்த இரண்டையும் வாங்காமல் இருப்பதே அந்த மீனுக்குச் செய்யும் நன்மை. உயரத்தைவிடத் தரையின் நீள அகலமே முக்கியம்.

மூடி போட்டும் தப்பிக்குமா?

தப்பிக்கும். ஒயர் போகும் துளை, ஃபில்டர் குழாய்க்கு வெட்டிய மூலை, மூடியின் இரண்டு பலகைக்கு நடுவே உள்ள சந்து, எல்லாவற்றையும் இரவில் அது மூக்கால் சோதித்துப் பார்க்கும். தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். ஸ்பாஞ்சாலோ வலையாலோ எல்லா இடுக்குகளையும் அடைத்துவிடுங்கள். மூடியின் மேல் கனம் வையுங்கள், பெரிய ஆரல் முட்டித் தள்ளக்கூடியது. நீர்மட்டத்தைச் சில செ.மீ. இறக்கிவைப்பதும் உதவும். ஃபில்டர் உறிஞ்சும் வாய்க்கு ஸ்பாஞ்ச் உறை அவசியம். குட்டி ஆரல் அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும்.

தரையில் கண்டெடுத்தால் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உடனே தண்ணீரில் விட்டு, காற்றுக் குமிழி வரும் இடத்தருகே வையுங்கள். தோல் ஈரம் மிச்சமிருந்தால் மீண்டுவர வாய்ப்பு உண்டு.

யாரோடு சேர்த்து வளர்க்கலாம்?

நடு நீரிலும் மேல் நீரிலும் திரியும், அமைதியான, ஆரலின் வாய்க்குள் போகாத அளவுள்ள மீன்களோடு. துடுப்பைக் கடிக்கும் மீன்களும், தரையைச் சொந்தம் கொண்டாடும் சிக்லிட் வகை மீன்களும் ஆகாது. அலங்கார இறால் வளர்ப்பவர்கள் அதை மறந்துவிட வேண்டியதுதான், ஆரலுக்கு அது விருந்து. தன் இனத்தோடு பீகாக் ஈல் இடமும் ஒளிவிடமும் தாராளமாக இருந்தால் ஒத்துப்போகும். ஃபயர் ஈலை ஒற்றையாக வையுங்கள்.

தண்ணீர் எப்படி இருக்க வேண்டும்?

வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ், பிஹெச் (நீரின் அமில-கார அளவு) 6.5 முதல் 7.5. கழிவிலிருந்து உருவாகும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். புதுத் தொட்டியில் இவற்றை அகற்றும் நல்ல பாக்டீரியா நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதற்கு முன் ஆரலை விடாதீர்கள். சதைத் தீனி கொடுப்பதால் தண்ணீர் சீக்கிரம் கெடும். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கியபின் ஊற்றுங்கள். ஆரல் பகலில் அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கினால், ஆக்சிஜன் குறைவா என்று முதலில் பாருங்கள்.

உடம்பில் வெள்ளைப்புள்ளி. மற்ற மீன்களுக்குப் போடும் மருந்தையே போடலாமா?

அதே அளவில் போடாதீர்கள். செம்பு, ஃபார்மலின், மாலகைட் கிரீன் கலந்த மருந்துகளை ஆரல் தாங்குவது கடினம். வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி மீனின் தோலில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. மீனை விட்டு விலகி, தரையில் பெருகி, நீந்தித் திரியும் கட்டத்தில்தான் அது சாகும். வெப்பம் கூடினால் இந்தச் சுழற்சி வேகமாக நடக்கும். அதனால் நாளுக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் 30 வரை ஏற்றி, காற்றோட்டத்தைக் கூட்டி, அடிக்கடி தண்ணீர் மாற்றுவது முதல் வழி. சூடான நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் காற்றுக் குமிழி அவசியம். மருந்து தவிர்க்க முடியாவிட்டால் பாதி அளவில் தொடங்கி, மீன் மருத்துவம் தெரிந்தவரைக் கேட்டுக் கூட்டுங்கள். மருந்து போடும்போது ஃபில்டரில் உள்ள கார்பனை எடுத்துவிட வேண்டும்.

நன்றாகத் தின்கிறது, ஆனாலும் இளைக்கிறது.

குடலில் புழு இருக்கலாம். கடைக்கு வரும் ஆரல்களில் பல இயற்கையிலிருந்து பிடித்தவை, உள் ஒட்டுண்ணி அவற்றில் சகஜம். நாடாப்புழு வகைக்குப் பிராசிகுவான்டெல், உருளைப்புழு வகைக்கு லெவமிசோல் என்று மருந்து வேறுபடும். எது என்று தெரியாமல் இரண்டையும் ஊற்றாமல், மீன் மருத்துவரிடம் கழிவைக் காட்டிக் கேட்பது நல்லது. புது ஆரலை நாலு வாரம் தனித் தொட்டியில், மணலோடும் குழாயோடும் வைத்திருந்தால், இந்தப் பிரச்சினை பெரிய தொட்டிக்கு வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். தீனிக்குப் பழக்கவும் அதுவே வசதியான இடம்.

இடம் மாற்றும்போது எப்படிப் பிடிப்பது?

வலை வேண்டாம். முதுகு முள் வலையில் சிக்கி மீனுக்குக் காயமாகும், கையால் பிடித்தால் உங்களுக்குக் குத்தும். அது வழக்கமாக ஒளியும் பிவிசி குழாயின் இரு முனைகளையும் தண்ணீருக்குள்ளேயே கையால் பொத்தி, குழாயோடு வெளியே எடுங்கள்.

பகலில் வெளியே வரவைக்க முடியுமா? கையில் வாங்கித் தின்னுமா?

ஒளிவிடத்தைக் குறைத்தால் வெளியே வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. ஒளிய இடமில்லாத ஆரல் மூலையில் ஒடுங்கும், தின்னாது. ஓடி ஒளிய மூன்று நான்கு இடம் அருகிலேயே இருக்கிறது என்று தெரிந்த ஆரல்தான் துணிந்து வெளியே உலாவும். குழாய், பானை ஓடு, கட்டைப் பொந்து என்று நிறைய வையுங்கள். தீனி நேரத்தை மெல்ல மெல்ல முன்னுக்குக் கொண்டுவாருங்கள், விளக்கு அணைந்த பின் என்பதிலிருந்து விளக்கு மங்கும்போது என்று. அறையில் ஆள் நடமாட்டத்துக்கும் அது பழக வேண்டும். கண்ணாடியைத் தட்டக் கூடாது.

ஃபயர் ஈல் இதில் கெட்டிக்காரர். நாளடைவில் ஆள் வந்து நின்றாலே கண்ணாடிப் பக்கம் எழும்பி வரும், விரலிலிருந்து புழுவை வாங்கும். பீகாக் ஈல் அந்த அளவுக்கு நெருங்காமல் போகலாம். அந்தி நேரத்தில் மூக்கை நீட்டிக் காத்திருக்கும் அளவுக்கு அது வந்துவிட்டாலே, உங்களை நம்பத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

தொட்டியில் குஞ்சு பொரிக்குமா?

மிக அரிது. ஆண் பெண் பிரித்தறிவதும் கடினம். முட்டை நிறைந்த பெண் சற்றுப் பருத்துத் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு வாரம் வெளியூர் போகிறேன். ஆரலுக்கு என்ன ஏற்பாடு?

நல்ல உடற்கட்டுள்ள வளர்ந்த ஆரலுக்கு ஒரு வாரம் தீனி இல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. முதல் நாள் வழக்கம்போல் கொடுத்து, மிச்சத்தை எடுத்துவிட்டு, தண்ணீர் மாற்றிவிட்டுப் போங்கள். மெல்லக் கரையும் விடுமுறைத் தீனிக் கட்டிகளை ஆரல் தொடாது, தண்ணீர்தான் கெடும். குட்டியாக இருந்தால் யாரையாவது ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொல்லுங்கள். பழக்கமில்லாதவர் பாவம் பார்த்து அள்ளிப் போட்டுவிடுவார். ஒரு வேளைக்கான அளவைத் தனித்தனிப் பொட்டலமாக உறையவைத்து, எந்த மூலையில், விளக்கை அணைத்து எவ்வளவு நேரம் கழித்துப் போட வேண்டும் என்று எழுதி ஒட்டிவையுங்கள். மூடியைத் திறந்தால் திரும்ப இறுக்க வேண்டும் என்பதை அதற்குக் கீழேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள்.